விட்டு விட்டு வரும் மின்சாரமும் நம்பப்படாத ஒரு சாட்சியும்

செய்தித்தாள் அலுவலகங்களில் நீண்டகாலம் பணியாற்றியவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எவரேனும் ஒரு முறைப்பாட்டுடன் வந்தால், அது உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பதற்கு முன்னரே, எப்போது நடந்தது, எங்கே நடந்தது, வேறு யார் கண்டார்கள் என்று குறித்துக்கொள்ளக் கை தானாகவே பேனாவைத் தேடும். இந்தப் பழக்கம் மின்சாரப் பழுது ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கும் உதவும் என்பதை 2019 டிசம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வைத்து அறிந்துகொண்டேன். நான் ஒரு கலைப்பட்டதாரி. மின்னியல் படித்தவன் அல்லன். கீழே வரும் தொழில்நுட்ப விடயங்கள் அந்த வேலையைச் செய்தவரிடம் கேட்டும், பின்னர் வாசித்தும் தெரிந்துகொண்டவை.

என் தமக்கையின் மகள் அங்கே கணவனுடனும் இரு பிள்ளைகளுடனும் வசிக்கிறாள். அவர்கள் இருப்பது தொழிற்சாலையில் கட்டி, வீதி வழியாக இழுத்துவந்து நிறுத்திய வீடு. பேச்சுவழக்கில் இன்றும் ‘மொபைல் ஹோம்’ என்றே சொல்கிறார்கள். சட்டப்படி அந்தப் பெயர் பழைய வீடுகளுக்கே உரியது. 1976 ஜூன் 15ஆம் திகதி முதல் இவ்வகை வீடுகள் அனைத்தும் மத்திய அரசின் வீடமைப்பு நகர அபிவிருத்தித் திணைக்களத்தின் கட்டட விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும். அவ்வாறு கட்டப்பட்டதற்குச் சான்றாக வெளிச்சுவரில் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மருமகளின் வீடு தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. இரண்டு பாதிகளாக வந்து, நிலத்தில் வைத்து ஒன்றாக இணைக்கப்பட்டது. வீடு அவர்களுக்குச் சொந்தம். அது நிற்கும் நிலம் வேறொருவருக்குச் சொந்தம். மாதந்தோறும் நிலவாடகை கட்டுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் ஒருவர்தான்: மருமகளின் மாமியார். வயது எழுபத்தாறு. நானும் அவரை மாமி என்றே அழைப்பேன். வீட்டின் கடைக்கோடியில் இருந்த அவருடைய அறைக்கு, தரையடிக் குழாய் வழியாக வரும் சூடான காற்று போதியளவு எட்டுவதில்லை. ஆகவே 1500 வோற் சிறிய ஹீற்றர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், தேநீர் தந்தபடி மாமி சொன்னார்:

“தம்பி, என்ர அறையில லைற் கண்ணைச் சிமிட்டுது. சில வேளை ஹீற்றரும் நிண்டுபோகும். பிறகு தானாய் வரும். நான் சொன்னா ஒருத்தரும் நம்பீனமில்லை. இவையள் வந்து பாக்கேக்க எல்லாம் ஒழுங்காய் எரியும்.”

குடும்பத்தார் ஒன்றும் அலட்சியக்காரர்கள் அல்லர். மாமி முதன்முறை சொன்னபோதே மருமகளின் கணவர் பிறேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் விழுந்திருக்கவில்லை. பின்னர் உரிமம் பெற்ற எலெக்ரீஷியன் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவர் வந்த பிற்பகலில் எல்லாம் வேலை செய்தது. மின்சாரத்தைத் தொடாமலே உணரும் பேனா போன்ற ரெஸ்ரரை ஒவ்வொரு பிளக் பொயின்றிலும் பிடித்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் அது ஒலித்தது. அந்தச் சுற்றுக்குரிய பிறேக்கரை மாற்றிவிட்டு, கூலியையும் பெற்றுக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் மாமியின் விளக்கு மீண்டும் சிமிட்டியது. அதன் பின்னர் மாமி சொல்வதை நிறுத்திவிட்டார். வீட்டாரும் பழுது தீர்ந்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர்.

மாமியின் மகன் என்னிடம் சிரித்தபடி சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் தைத்தது. “ஊரில நாங்கள் பாக்காத கரண்டா மாமா?” என்றார். அதில் உண்மை இருக்கிறது. 1990களில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவர்கள் நாங்கள். கரண்ட் போவது எங்களுக்குச் செய்தியல்ல. அது வருவதுதான் செய்தி. வந்துவிட்டால் ஏன் போனது என்று கேட்பதில்லை. ஆனால் அங்கே கரண்ட் போனது ஊருக்கெல்லாம் போனது. ஒரு வீட்டின் ஓர் அறையில் மட்டும் போய் வருவது முற்றிலும் வேறு விடயம். முதலாவது மின்சார சபையின் பிரச்சினை. இரண்டாவது, சுவருக்குள் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பதன் அறிகுறி.

பிறேக்கர் விழவில்லையே, ஆபத்து இருந்தால் அது விழுந்திருக்குமல்லவா என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். சாதாரண பிறேக்கர் கவனிப்பது ஒன்றையே: வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்னோட்டம் போகிறதா என்பதை. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. சற்றுக் குறையவே செய்யும். ஒரு கணக்குப் பார்ப்போம். அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக்கில் 120 வோல்ற். 1500 வோற் ஹீற்றர் அதில் ஏறக்குறைய 12.5 அம்பியர் இழுக்கும். வழியில் ஓர் இணைப்புத் தளர்ந்து கால் ஓம் தடை ஏற்பட்டிருந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஏறக்குறைய 39 வோற் வெப்பம் உண்டாகும். வானொலி திருத்துபவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் பற்றவைப்புக் கோலின் வெப்பம் அது. அதைச் சுவருக்குள், பிளாஸ்ரிக்குக்கும் பலகைக்கும் நடுவே, தினமும் மணிக்கணக்கில் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நடந்தும் விளக்குக்கு வரும் அழுத்தத்தில் குறைவது மூன்று வோல்ற் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. பிறேக்கருக்கும் தெரியாது.

இலங்கையில் உள்ளது போல 230 வோல்ற் என்றால் அதே ஹீற்றர் ஆறரை அம்பியரே எடுக்கும். அதே இணைப்பில் வெப்பம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அமெரிக்காவில் வோல்ற் குறைவு, ஆகவே பயமில்லை என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கையில் அடிப்பதைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. தீயைப் பொறுத்தவரை கதை தலைகீழ்.

இனி என் குறிப்புக் கொப்பிக்கு வருகிறேன். ஒன்பது நாட்கள் நானும் மாமியும் எழுதினோம். மாமி காலை ஐந்தரைக்கு எழுந்து ஹீற்றரைப் போடுவார்; குளித்துவிட்டுத் தேவாரம் படிப்பார். விளக்குச் சிமிட்டுவது பெரும்பாலும் தேவாரம் முடிகிற நேரத்தில், அதாவது ஹீற்றர் போட்டு அரை மணித்தியாலம் அளவில். ஒன்பது நாட்களில் ஏழு தடவை நடந்தது. குளிர் குறைந்து ஹீற்றர் போடாத இரண்டு நாட்களிலும் நடக்கவில்லை. இதைக் கண்டதும் ஹீற்றரில்தான் கோளாறு என்று நான் முடிவுகட்டத் தயாரானேன். நல்லவேளை, சனிக்கிழமை ஹீற்றர் போடாத வேளையில் மருமகள் அந்த அறையில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை இயக்கியபோதும் விளக்குச் சிமிட்டி அணைந்தது. ஆகவே குற்றவாளி ஹீற்றர் அல்ல. பெரிய சுமை எது வந்தாலும் தாங்க முடியாத ஓர் இடம் வழியில் இருக்கிறது.

எவை எவை சேர்ந்து அணைகின்றன என்பதையும் எழுதினோம். மாமியின் அறை விளக்கு, அந்த அறையின் பிளக்குகள், நடைபாதை விளக்கு. சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒன்றும் நேரவில்லை. இந்தப் பட்டியல் எவ்வளவு பெறுமதியானது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு சுற்றில் உள்ளவை மட்டும் அணைந்தால் பழுது அந்தச் சுற்றுக்குள். இரு பாதிகளாக வந்த வீட்டில் ஒரு பாதி முழுவதும் அணைந்தால், இரண்டும் சேரும் இடத்தில் தரைக்கடியிலோ கூரைக்குள்ளோ இருக்கும் இணைப்புகளையே முதலில் பார்க்க வேண்டும். சில விளக்குகள் மங்கும்போது வேறு சில வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தால், வீட்டுக்கு வரும் பிரதான நியூற்றல் வயர் கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் கொப்பியும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், பிரதான ஆளியை அணைத்துவிட்டு உடனே ஆளை அழைக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பையும் எழுதினேன், சும்மா வேடிக்கைக்காக. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சைவம். அன்று காலை நடைபாதையில் நின்றுகொண்டு மாமி, “மீன் மணக்குது” என்றார். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டிக்கு வியாழன் மாலையே மீன் ஆசை வந்துவிட்டது என்றாள் பேத்தி. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேறோர் எலெக்ரீஷியன் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அன்றும் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கருவிப் பெட்டியைத் திறக்காமல், இந்த அறையில் இருப்பவர் யார் என்று கேட்டார். மாமியை இருத்தி, என்ன நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். கொப்பியில் உள்ளதை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். மீன் மணம் என்ற இடத்துக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்கும் தொனியில்தான் வாசித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். எந்த இடத்தில் மணந்தது என்று கேட்டார். மாமி எழுந்துபோய் நடைபாதையில் செருப்புத் தட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டினார்.

மின்சாதனங்களின் பிளாஸ்ரிக் அளவுக்கு மீறிச் சூடாகும்போது சில வேளைகளில் அழுகிய மீன் போன்ற மணம் வரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்தச் செருப்புத் தட்டுக்குப் பின்னால் ஒரு பிளக் பொயின்ற் இருந்தது. அதில் எவரும் எதையும் செருகியதே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே வீட்டாருக்கு மறந்துபோயிருந்தது. மின்சாரம் ஒரு பொயின்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலி போலப் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, வேலை செய்யாத முதல் பொயின்றையும் அதற்கு முன்னே வேலை செய்துகொண்டிருக்கும் கடைசிப் பொயின்றையும் திறந்து பார்ப்பதே முறை. மாமியின் அறைக்குப் போகும் மின்சாரம் முழுவதும் நடைபாதையின் அந்தப் பொயின்றைக் கடந்தே போகிறது. ஹீற்றர் செருகியிருந்த இடத்தையே எல்லோரும் பார்த்தார்கள். வெந்துகொண்டிருந்ததோ இரண்டு சுவர்களுக்கு அப்பால்.

பிறேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிப்படுத்திய பின் அவர் அதைக் கழற்றிக் காட்டினார். பின்புறம் தவிட்டு நிறமாகிச் சுருங்கியிருந்தது. தொழிற்சாலை வீடுகளில் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஒருவகைப் பொயின்ற் அது. சாதாரண வீடுகளில் சுவருக்குள் ஒரு பெட்டி வைத்து, வயரின் உறையை உரித்து, திருகாணியால் முறுக்குவார்கள். இதற்குத் தனியான பெட்டி கிடையாது. வயரை உறையோடு வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் உலோக அலகுகள் உறையைக் கீறிச் செம்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். சில நொடி வேலை. விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் அந்த அலகுகளின் பிடியை நம்பித்தான் 12 அம்பியரும் போகின்றன. இருபது ஆண்டுகள் சூடாகியும் குளிர்ந்தும் வந்தால் பிடி தளர்கிறது. தளர்ந்தால் மேலும் சூடாகிறது. சூட்டில் விரிந்து ஒரு கட்டத்தில் தொடுகை விடுபடுகிறது. பின்னர் ஆறியதும் மறுபடி தொடுகிறது. மாமியின் ‘பிறகு தானாய் வரும்’ என்பதன் விளக்கம் இதுதான்.

முதலாமவரின் ரெஸ்ரர் அவரை எப்படி ஏமாற்றியிருக்கும் என்பதையும் இவர் விளக்கினார். கெட்டுப்போயிருந்தது நியூற்றல் பக்கத்துப் பிடி. அது விடுபட்டு விளக்கு அணைந்திருக்கும் வேளையில்கூட லைவ் வயரில் 120 வோல்ற் இருந்துகொண்டேயிருக்கும். ரெஸ்ரர் ஒலிக்கும். ‘கரண்ட் இருக்கிறது’ என்று அது சொல்வது பொய்யல்ல; ஆனால் போகும் வழி இருந்து திரும்பும் வழி இல்லை என்பதை அதனால் சொல்ல முடியாது. துல்லியமான டிஜிற்றல் மீற்றரும் சுமை இல்லாத நிலையில் காட்டும் இலக்கத்தால் சில வேளைகளில் ஏமாற்றும். இவர் செய்தது எளிமையான காரியம்: ஹீற்றரை முழு வேகத்தில் ஓடவிட்டு, லைவுக்கும் நியூற்றலுக்கும் நடுவே அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று அளந்தார். பழுது எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையை உண்டாக்கித்தான் சோதிக்க வேண்டும். அந்த நிலை எது என்பது கொப்பியில் இருந்தது.

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். ‘இப்போது வேலை செய்கிறதே’ என்பது ஒரு பரிசோதனை முடிவு அல்ல. அதைச் சொல்லிக் கூலி வாங்குவது நியாயமும் அல்ல. பிறேக்கரும் பழுதடையும், அதன் பிடியும் தளரும் என்பது உண்மைதான். ஆயினும் முதலாமவர் அதை மாற்றியது அது கெட்டிருந்தது என்பதனால் அல்ல, அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதனால். செய்தியாளன் ஒருவன் சம்பவ இடத்துக்கு மறுநாள் போய், அங்கே எவரும் சண்டை பிடிக்கவில்லை, ஆகவே கலவரம் நடக்கவில்லை என்று எழுதினால் ஆசிரியர் அவனை என்ன செய்வார்?

இந்த வீடுகளைப் பற்றிய ஏளனமும் பழுதை மறைக்கிறது. ‘இவ்வகை வீடுகள் அப்படித்தான்’ என்று முதலாமவர் போகும்போது சொன்னாராம். அப்படி அல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளியேறுமுன் ஒவ்வொரு வீட்டின் வயர்களும் உயர் அழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. எந்த நகரத்தில் கட்டிய வீட்டுக்கும் இச்சோதனை நடப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. குறை என்னவென்றால், அச்சோதனைக்குப் பின்னரே வீடு நெடுஞ்சாலையில் குலுங்கிக் குலுங்கிப் பயணம் போகிறது. நிறுத்திய இடத்தில் மீண்டும் சோதிக்கிறார்கள்தான். அது அன்றைய நிலையையே சொல்லும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு செருப்புத் தட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க எவரும் வருவதில்லை. நிலத்தில் கட்டிய வீட்டில் இருப்பவர்களும் நிம்மதிப்பட வேண்டாம். வட அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரையான காலத்தில் கட்டப்பட்ட பல வீடுகளில் செம்புக்குப் பதிலாக அலுமினியம் வயர் போடப்பட்டது. 1972க்கு முன்னர் தயாரான அலுமினிய வயர் உள்ள வீடுகளில், இணைப்பொன்று தீ அபாய நிலையை அடையும் வாய்ப்பு செம்பு வயர் வீடுகளை விட 55 மடங்கு அதிகம் என அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு கூறியிருக்கிறது. ரொறொன்ரோவில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் சமையலறைக் கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். சுவருக்குள் எந்த வயர் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

நிலவாடகை விடயத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். இவ்வகை வீட்டின் பிரதான ஆளி வீட்டுக்குள் இருப்பதில்லை. வெளியே, வீட்டிலிருந்து 30 அடிக்குள், ஒரு கம்பத்திலோ பெட்டியிலோ இருக்கும். மருமகள் வீட்டில் மின்மானி மின்சாரக் கம்பனியுடையது, பெட்டி நில உரிமையாளருடையது, பெட்டியிலிருந்து உள்ளே இவர்களுடையது. வேலை முடிந்ததும் எலெக்ரீஷியன் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு முனை நிறம் மாறியிருக்கிறது, அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை, உரியவர்களிடம் சொல்லுங்கள் என்றார். கம்பனியிடம் சொன்னால் நில அலுவலகத்திடம் சொல்லச் சொன்னார்கள். நில அலுவலகம் கம்பனியிடம் சொல்லச் சொன்னது. விட்டு விட்டு வரும் பழுதுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஒளிவிடம் வேறில்லை. ஒவ்வொருவர் பார்க்கும்போதும் அது வேலை செய்யும். ஒவ்வொருவருக்கும் அது மற்றவருடையது. வாடகைக்கு நிலம் எடுத்திருப்பவர்கள் ஒரு கருவி வாங்குவதானால் முதலில் பதிவுத்தபால் வாங்குவது நல்லது. திகதியும் படமும் இணைத்து எழுத்தில் கொடுத்தால், தெரியாது என்று பின்னர் எவரும் சொல்ல முடியாது. அவ்வாறே கடிதம் எழுதிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டு எழுத்துத் தொழிலில் நான் எழுதிய மிகவும் வறண்ட கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் இருந்த அவ்வகைப் பொயின்றுகள் பதினான்கையும் கழற்றிவிட்டு, பெட்டி வைத்துத் திருகாணி வகை போடச் சொன்னோம். இரண்டு நாள் வேலை. செலவு அந்தக் குடும்பத்துக்கு இலேசானதல்ல. மற்றவற்றில் இரண்டின் பின்புறமும் நிறம் மாறத் தொடங்கியிருந்ததைக் கண்டபின் மருமகளின் கணவர் செலவைப் பற்றிப் பேசவில்லை. மாமியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்ததை மட்டும் கண்டேன். கருகிய அந்தப் பொயின்றை மாமி எறிய விடவில்லை. சாமிப் படங்களுக்குக் கீழே உள்ள தட்டில் வைத்துக்கொண்டார்.

வெளிப்பெட்டிக்கு 2020 பெப்ரவரியில்தான் ஆள் வந்தது. வந்தவர் ஒரு முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனார் என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள். அவர் விட்டுச்சென்ற பற்றுச்சீட்டில் ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதியிருந்ததாம்.